வரியில்லாத வீடு

என் அலுவலகம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, ராஜபாளையம் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், வெயில் ஏறினால் மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். ஜி.எஸ்.டி. பதிவு, மாதக் கணக்குத் தாக்கல், வருமான வரி, இதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு.

"இதுக்கு டேக்ஸ் ஃப்ரீ கிடையாதா மேடம்?"

டேக்ஸ் ஃப்ரீ என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். வரிவிலக்கு என்று நான் சுத்தமாகச் சொன்னால், "அதெல்லாம் வேண்டாம், டேக்ஸ் ஃப்ரீ இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகத்தில் வருகிற களையைப் பார்க்க வேண்டுமே! ஓசியில் பிரியாணி கிடைத்தவன் முகம்கூட அப்படி மலராது.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கினால் ஊரே ஜனத்தில் பிதுங்கும். அப்போது ஒரு ஜவுளிக்கடை வாசலில் 'டேக்ஸ் ஃப்ரீ விற்பனை' என்று பெரிதாகத் துணிப்பலகை கட்டினார்கள். கடைக்காரர் என்னிடம் கணக்கு தாக்கல் செய்கிறவர்தான். நேரே போய், "இது என்ன புதுக் கதை?" என்று கேட்டேன். "வரிய நாங்களே கட்டிருவோம் மேடம், ஜனங்க கட்ட வேண்டாம்" என்றார். "எந்தக் காசில் கட்டுவீர்கள்?" என்றேன். சேலை விற்ற காசில் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பலகையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் அதே பலகை பக்கத்துச் சந்துப் பக்கமாகத் திரும்பித் தொங்குகிறது. இவர்களோடு மாரடிப்பதற்குத்தான் நான் படித்தேன்.

கடையநல்லூரிலிருந்து ஒருவர் வருவார். வளைகுடாவில் பல காலமாக வேலை. லீவில் வந்தால், இங்கே வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளுக்கான கணக்கைக் காட்டிவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடையின் பையில் மிட்டாய் இருக்கும். ஒரு தடவை பேச்சுவாக்கில், "ஒங்களுக்கென்ன பாய், அங்கன சம்பளம் மொத்தமும் டேக்ஸ் ஃப்ரீ" என்றேன். மனிதர் மிட்டாயை என் மேசையில் வைத்துவிட்டு, "ஆமா மேடம். என் மவ பொறந்ததும் பாக்கல, பேசப் பழகுனதும் பாக்கல. அதுக்கும் டேக்ஸ் போடல" என்றார். நான் வேகமாகக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தெருவின் அரிசிக்கடை அண்ணாச்சிக்கும் நான்தான் கணக்கு பார்க்கிறேன். நரைத்த மீசை, தோளில் எப்போதும் துண்டு, தெருவில் எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக நிற்கும் மனிதர். எங்கள் தெரு அம்மன் கோவிலுக்கும் அவர்தான் தலைவர். பேரும் எடையும் அச்சடித்த சின்ன மூட்டையில் அரிசி விற்றால் வரி உண்டு; அதே அரிசியைச் சாக்கில் கொட்டி வைத்து, படியில் அள்ளியோ தராசில் நிறுத்தோ கொடுத்தால் வரி இல்லை. இதைச் சட்டம் வந்த புதிதில் அண்ணாச்சிக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "ஒரே வயல், ஒரே நெல்லு, ஒரே மில்லு. மூட்டைல பேரு போட்டா வரி, போடலன்னா இல்லியா? எந்தப் புண்ணியவான் யோசிச்சான்?" என்று மாய்ந்து மாய்ந்து கேட்டார். கடைசியில் அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வருகிற ஆட்களிடமெல்லாம், "சில்லறை அரிசி வாங்குங்க, டேக்ஸ் ஃப்ரீ" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஆக, டேக்ஸ் ஃப்ரீ என்ற சொல்லால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதன் மேல் எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை, அந்தச் சொல் என் வீட்டு வாசலுக்கு வரும் வரை.

எங்கள் தெரு அம்மனுக்கு வருஷா வருஷம் வைகாசியில் கொடைத் திருவிழா. கொடைச் செலவுக்குத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று கூட்டம் போட்டுத் தீர்மானிப்பார்கள். அதற்கும் வரி என்றுதான் பேர். கட்டுகிறவர்கள் வரிதாரர்கள். மாடி வீடானாலும் ஓட்டு வீடானாலும் ஒரே தொகைதான். வரி கட்டிய வீடு என்றால் அதற்குச் சில உரிமைகள் உண்டு. வரிதாரர் கூட்டத்தில் பேசலாம். படைத்த பொங்கலில் பங்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே, மதியக் கொடை அன்று மேளத்தோடு சாமியாடி தெருவைச் சுற்றி வரும்போது, வரிதாரர் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் மேளம் நிற்கும். வீட்டுக்காரர் தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டை நீட்டுவார். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைச் சாமியாடியின் காலில் ஊற்றுவார்கள். சாமியாடி வீட்டில் உள்ள எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசுவார். நாயனக்காரரும் தவில்காரரும் அந்த வாசலுக்கென்று கொஞ்ச நேரம் வெளுத்து வாங்குவார்கள். பிறகு அடுத்த வீடு.

என் கணவர் ஒயரிங் வேலை செய்தவர். கொடைப் பந்தலுக்குச் சீரியல் பல்பு போடுவது எப்போதும் அவர் பொறுப்பு. அன்று மட்டும் வேட்டி கட்டி, தலை வாரி, தட்டோடு வாசலில் நிற்பார். அவர் தட்டைப் பிடிப்பார், நான் குடத்தைப் பிடிப்பேன், மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாமியாடியை எட்டிப் பார்ப்பாள். மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். கணவர் இல்லை. ஒரு தை மாதம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த வருஷம் துக்க வீடு, மேளம் நிற்காது. அது எல்லா வீட்டுக்கும் உள்ள முறை. மறு வருஷம் வரி வாங்க இரண்டு பேர் பையோடு தெருவில் இறங்கினார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்து, மறந்துவிட்டார்கள் போல என்று பணத்தோடு வெளியே வந்து கூப்பிட்டேன்.

"ஒங்க வீட்டுக்கு வரி கிடையாதுக்கா. அண்ணாச்சி சொல்லிட்டாவ" என்றான் ஒருவன்.

"ஏம்ப்பா?"

"ஒங்கள மாதிரி வீடுகளுக்கெல்லாம் டேக்ஸ் ஃப்ரீக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அண்ணாச்சி நல்ல மனசுக்காரர், கஷ்டம் பார்த்துச் சலுகை கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். போனில் மகளிடம் சொன்னபோது அவள், "விடும்மா, மிச்சந்தான" என்றாள். நானும் மிச்சம்தான் என்று பணத்தை மடித்து மறுபடி டப்பாவில் வைத்தேன். எந்த விலக்குக்கும் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மகராசி நான். எனக்குக் கிடைத்த விலக்குக்கு என்ன நிபந்தனை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொடை அன்று காலையிலேயே வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டேன். தட்டில் தேங்காய் பழம் வைத்தேன். மஞ்சள் கரைத்துக் குடத்தை நிரப்பினேன். மேளம் தெருமுனை திரும்பியது. ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தது. பக்கத்து வீட்டுக்கு முந்தின வீடுவரை வந்தது. தவில்காரருக்கு எங்கள் வாசல் பழக்கம். என்னைப் பார்த்துக்கொண்டே நடையைத் தளர்த்தினார். கூட வந்த ஆள், "அது வரி இல்லாத வீடு, போங்க போங்க" என்று கையை வீசினார். மேளம் என் கோலத்தைத் தாண்டிப் போனது.

தட்டோடு நின்ற எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். உள்ளே வந்து குடத்துத் தண்ணீரைப் பின்பக்கம் முருங்கை மரத்தில் ஊற்றினேன். அவர் இறந்தபோது அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதேன். அப்போது அவர் போனார். இப்போது வீடே போய்விட்டது போல இருந்தது. மகன் இருந்திருந்தால், கல்யாணமாகி அவன் பேரில் வரி வாங்கியிருப்பார்கள். எனக்கு இருப்பது மகள். அப்படியென்றால் இந்தத் தெருவில் இனி எப்போதும் என் வாசலில் மேளம் நிற்கப் போவதில்லை. என் சம்பாத்தியத்தில் கடன் அடைத்த வீடு, நான் சுண்ணாம்பு அடித்த சுவர், ஆனால் கணக்கில் அது வீடே இல்லை.

அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. எனக்கு அது சீக்கிரம் வரும், வந்தால் சீக்கிரம் போகாது.

மறுநாள் அரிசிக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுக்கு ஏன் அண்ணாச்சி வரி இல்ல?"

"வரி இல்லன்னா சந்தோசப்படணும்லாம்மா? ஊரே அதைக் கேட்டுத்தான ஒங்கிட்ட வருது?" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததால் குரல் இறங்கியது. "ஒத்தையில கஷ்டப்படுத பொம்பளக கிட்ட வாங்கக் கூடாதுன்னு எங்க ஐயா காலத்துலயே பேசி வச்சதும்மா. அது பாவம்."

"சரி, வாங்க வேண்டாம். மேளம் ஏன் நிக்கல?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தட்டு குடுக்க வீட்டுல ஒரு ஆம்பள வேணும்லாம்மா. நின்னா ஒனக்குத்தான் சங்கடம்."

"நேத்து நிக்காமப் போனீயளே, அதைவிடச் சங்கடமா?"

அவர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் மறுபடி வைத்தார். எனக்கோ வாய் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த சாக்கைக் காட்டினேன். "பேர் போட்ட மூட்டைக்குத்தான் வரின்னு நான்தான் ஒங்களுக்குச் சொன்னேன். பேரில்லாம சாக்குல கொட்டிக் கெடக்குற அரிசிக்கு வரி இல்ல. என்னையும் சாக்குல கொட்டிட்டீயளே அண்ணாச்சி. எனக்குப் பேரு வேணும். வரியப் போடுங்க."

அண்ணாச்சி என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒருத்தன் சொன்னாப் போதாதும்மா. கூட்டத்துல வச்சுத்தான் பேசணும்" என்றார். காப்பி ஆறிப்போயிருந்தது. எனக்கும் ஒரு காப்பி சொல்லி அனுப்பினார். கோபத்தோடுதான் குடித்தேன், ஆனால் குடித்தேன்.

இந்தச் சங்கதி தெரிந்ததும் முதலில் என்னிடம் சண்டைக்கு வந்தவள் பக்கத்து வீட்டு அக்காதான். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். அவள் புருஷன் பம்பாய்க்குப் பிழைக்கப் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். அவள் தன் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவள் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்தவர். அதனால் அந்த வீடு எத்தனையோ காலமாக வரியில்லாத வீடு.

"ஏட்டி, ஒனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றாள். "நீ கட்டிருவ, ஒனக்கு ஆபீஸ் இருக்கு. நாளைக்கு, அவ கட்டுதால்லா நீயும் கட்டுன்னு என் தலையிலயும் வச்சிருவானுவ."

"யக்கா, நீதான ஜி.எஸ்.டி. நம்பர் வேணும்னு எங்கிட்ட வந்து நின்ன? ஒன் யாவாரத்துக்குத் தேவையே இல்லன்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியா?"

அது நடந்த கதைதான். சின்ன வியாபாரம், சட்டப்படி அவள் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. ஆனால் மதுரையில் ஒரு கடைக்காரர் நம்பர் இருந்தால்தான் சரக்கு எடுப்பேன் என்றார். விருப்பமுள்ளவர்கள் தாமாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அவள் செய்துகொண்டாள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மெஷினுக்கு மேலே மாட்டியும் வைத்திருக்கிறாள், சாமி படத்துக்குப் பக்கத்தில். வரியைத் தேடிப் போய் வாங்கிக்கொண்ட ஒரே ஆள் என்று நான் அவளைக் கேலி செய்வது வழக்கம்.

"அங்கன கட்டுனா நைட்டி போவும். இங்கன கட்டுனா என்னட்டி போவும்?" என்று கேட்டுவிட்டு விருட்டென்று போய்விட்டாள். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. குழம்பு கொடுத்து அனுப்பினால் பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

அடுத்த கொடைக்கு முந்தி வரிதாரர் கூட்டம் கோவில் முன்னால் கூடியது. பெண்கள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. போய் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தம்மா வரி கட்டுதேங்காவ" என்றார், ஏதோ வியாதியைச் சொல்வது போல.

"கட்ட வேண்டிய ஆளுகளே வரி வாங்க வாரோம்னு தெரிஞ்சா பின்வாசல் வழியா ஓடுதானுவ. கட்டுதேன்னு வந்து உக்காந்திருக்காவ, வேண்டாம்னா சொல்லுவிய?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிலேயே பாதி முடிந்தது.

"வரி சரி. தட்ட யாரு குடுக்கது? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

எல்லோரும் சாமியாடியைப் பார்த்தார்கள். தட்டை வாங்குகிறவர் அவர்தானே. அவர் மற்ற நாளில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அந்நேரம் அம்மன்லா வாங்குதா. எனக்கு எதுக்க நிக்கது ஆம்பளையா பொம்பளையான்னு எங்க தெரியுது?"

இதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க முடியவில்லை. தெரியும் என்று சொன்னால் அவருக்குச் சாமி வருவதே பொய் என்றாகிவிடும். முன்வரிசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி பேனாவைத் திறந்து, "யாரு பேருல போடணும்மா?" என்று என்னிடம் கேட்டார். என் பேரைச் சொன்னேன். மனுஷர் அதை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தொழிலில் எத்தனையோ பதிவுகள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு பதிவு விழுந்தது அன்றுதான்.

அந்தக் கொடையில் மேளம் என் வாசலில் நின்றது. தட்டு ஒரு கையில், குடம் இடுப்பில், இரண்டையும் சமாளிக்கத் தெரியாமல் மஞ்சள் தண்ணீரில் பாதியை என் சேலையிலேயே ஊற்றிக்கொண்டேன். சென்னையிலிருந்து வந்திருந்த மகள் போனில் படம் பிடிக்கிறேன் என்று தரையைப் பிடித்து வைத்திருக்கிறாள். திருநீறு நெற்றியில் விழுந்ததும், தவில் சத்தத்தில் நெஞ்சே அதிர்ந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அவர் இருந்திருந்தால் தட்டைப் பிடித்தபடி, தான் போட்ட சீரியல் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சந்தோஷம்தான்.

பக்கத்து வீட்டைத் தாண்டித்தான் மேளம் என் வாசலுக்கு வந்திருந்தது. அக்கா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தையல் மெஷின் கடகடவென்று, நிற்காமல், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வைராக்கியம் எங்கே போய் முடியுமோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அடுத்த சித்திரையில், வரி வாங்க ஆள் வருவதற்கு முன்பே, அக்கா என் அலுவலகத்துக்கு வந்தாள். நைட்டிக் கணக்கு கொடுக்க வந்திருக்கிறாள் என்று கம்ப்யூட்டரைத் திருப்பினேன்.

"அது இல்லட்டி. கோவில் வரிக்கு என்ன சொல்லணும்? யாருகிட்டச் சொல்லணும்?"

"ஒன் தலையில வச்சிருவானுவன்னு சொன்ன?"

"சொன்னேன்." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றினாள். "அன்னைக்கி மேளம் ஒன் வாசல்ல நிக்கும்போது மெஷின் ஓட்டுனேன்லா?"

"தெருவுக்கே கேட்டுச்சே."

"ஊசில நூலே இல்லட்டி. சும்மா ஓட்டுனேன்."

வாய் திறந்திருந்தால் அழுதிருப்பேன். செல்போன் கடைக்காரரிடம் சொல்லி இரண்டு டீ வாங்கிவரச் செய்தேன். டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரையே போடல, டீயாட்டி இது?" என்று அவள் திட்டினாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வருஷக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அண்ணாச்சி வரியைக் கூட்ட வேண்டும் என்றார். மைக் செட்டு, பந்தல், வாணவேடிக்கை என்று செலவைச் சொல்லிக்கொண்டே போனார். வாணத்துக்குச் சொன்ன தொகையைக் கேட்டதும் என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? எழுந்து நின்று, "போன வருசத்துப் பில்லு இருக்கா அண்ணாச்சி?" என்றேன்.

"வாணத்துக்கு ஏதும்மா பில்லு?"

"பில்லு இல்லாம இவ்வளவு ஆகும்னு எப்படி எழுதினீய? போன வருசம் இதுல பாதிதான? மைக் செட்டுக்காரர் நம்ம தெருவுதான, அவருக்கு எதுக்கு இவ்வளவு?"

கேட்கக் கேட்க எனக்குக் கேள்வி ஊறியது. என் காசு அதில் இருக்கிறது என்ற தெம்பு. அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"இதுக்குத்தான்டே எங்க ஐயா காலத்துல இவியள வரியில்லாம வச்சிருந்தாவ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெரியவர்கள் விஷயம் தெரியாதவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. வாணத்துக்கு முதலில் சொன்னதில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள்.

மதியக் கொடை வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா விடியும் முன்பே எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போட்டிருந்தாள். தன் கையால் தைத்த நைட்டியை விட்டால் வேறு உடுப்பு தெரியாதவள், அன்று அரக்குப் பட்டுச் சேலையில் நின்றாள். எங்கிருந்து எடுத்தாளோ, பெட்டியில் போட்டிருந்த அந்துருண்டை வாசனை என் வாசல்வரை வந்தது. "தேங்காய இப்படி வைக்கணுமா, அப்படி வைக்கணுமாட்டி?" என்று என்னை ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டாள்.

மேளம் முதலில் அவள் வாசலுக்குத்தான் வர வேண்டும். முந்தின வீட்டிலிருந்து நகர்ந்தது. தவில்காரர் பழக்கதோஷத்தில் அவள் வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்துவிட்டார். "ஏ, நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்தியது வேறு யாருமில்லை, அண்ணாச்சி. மேளம் திரும்பி வந்து அவள் வாசலில் நின்றது. அவள் குடத்தை ஊற்றினாள். சாமியாடி திருநீற்றை அள்ளி அவள் நெற்றி நிறையப் பூசினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மேளம் நகர்ந்த பிறகும் அப்படியே நின்றாள்.

அடுத்து என் வாசல், பிறகு எதிர்சாரி, கடைசியில் அண்ணாச்சி வீடு. தலைவர் வீடு என்பதால் அங்கே நாயனக்காரர் ஒரு முழுப் பாட்டையே வாசித்தார். அது முடிகிறவரை அக்கா தட்டோடு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். முகமெல்லாம் திருநீறும் கண்ணீருமாக இருந்தது. அவள் கையைப் பிடித்தேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அண்ணாச்சி வீட்டுப் பக்கமாக முகவாயை நீட்டினாள்.

"அங்கன எவ்வளவு நேரம் வாசிக்கான் பாத்தியா? எனக்கு ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டான். எல்லா வீட்டுக்கும் ஒரே வரிதானட்டி? இருக்கட்டும், அடுத்த கூட்டத்துல நான் கேக்கேன்."